இடது வளைவில் நீலப் புகை

மார்ச் 4

அண்ணி,

கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடுங்க. போனை எடுக்க மாட்டேங்கறீங்க. எடுத்தாலும் இந்த மலை மேல பாதி வார்த்தைதான் வந்து சேருது, மீதியை அண்ணன் பக்கத்துல நின்னு கேக்கறான். அதனாலதான் தேஞ்ச டயரை ஏத்திக்கிட்டுக் கீழ வர்ற வேன்காரர்கிட்ட இதைக் குடுத்து விடறேன். பட்டறையில உங்க கையில மட்டும்தான் குடுக்கணும்னு சொல்லியிருக்கேன்.

உங்க ரெண்டு பேர் சண்டையில நான் யார் பக்கமும் இல்ல. நீங்க பந்தயக் காருக்கு இன்ஜின் கட்டறீங்க, அவன் அணியைப் பாத்துக்கறான், அவன் தங்கச்சி நான் ஓட்டறேன். மூணு பேரும் ஒரே அடுப்புல சாப்பிட்டவங்க. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி “இன்ஜின் ஆயிலைக் குடிக்குது, கட்டத் தெரியாதவ கட்டினா இப்படித்தான்”னு அண்ணன் சொன்னது தப்பு. நீங்க ஸ்பேனரை விட்டெறிஞ்சதும் தப்புதான். ஆனா குறி தவறிட்டதால அதை மன்னிச்சிடலாம்.

விஷயத்துக்கு வர்றேன். கோவிச்சுக்காதீங்க அண்ணி, அது ஆயிலைக் குடிக்கத்தான் செய்யுது. ஒவ்வொரு பயிற்சி ஓட்டம் முடிஞ்சதும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாத்தா அளவு இறங்கியிருக்கு. இங்க ஒரு நீளமான இடது வளைவு இருக்கு. ஒரு பக்கம் மலைச்சுவர், இன்னொரு பக்கம் பள்ளம். அதுல முழு வேகத்துல போயி முடிவுல காலை எடுத்தா, கண்ணாடியில பின்னாடி எதுவுமே தெரியல. ஒரே நீலப் புகை.

பிஸ்டன் ரிங்கை நீங்க தப்பாப் போட்டுட்டீங்கன்னு அண்ணன் சொல்றான். அடுத்த வாரம் இன்ஜினைப் பிரிச்சு வெளியாள் ஒருத்தர்கிட்ட குடுக்கப் போறானாம். பிரிச்சா பந்தயத்துக்குள்ள திரும்பக் கட்ட முடியாது. வருஷம் முழுக்க நான் ஓட்டினதுக்கெல்லாம் முடிவு அந்த ஒரு பந்தயத்துலதான் இருக்கு. உங்களுக்குத் தெரியாததில்ல.

நான் எழுதறது அவனுக்குத் தெரியாது.

வாலு


மார்ச் 8

வாலு,

கிழிக்கவில்லை. வேன்காரர் நான் படித்து முடிக்கும் வரை வாசலிலேயே நின்றார். நீ சொல்லி அனுப்பியிருப்பாய்.

ரிங்கை நான்தான் போட்டேன். ஒவ்வொன்றின் இடைவெளியையும் அளந்து போட்டேன். உன் அண்ணனுக்குச் சந்தேகம் இருந்தால், சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்த்திருக்கலாம். அந்தக் கருவி நீங்கள் கொண்டுபோன நீலப் பெட்டியில்தான் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். கோபத்துக்குக் கருவி எதற்கு?

நன்றாகக் கேட்டுக்கொள். எப்பேர்ப்பட்ட இன்ஜினிலும் எரியும் வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும், கிராங்க் தண்டு சுழலும் அறைக்குள். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இருந்தால் இன்னும் அதிகம். இறங்கியது வெளியேற வழி வேண்டும். வழி இருந்தால் அது சாது. வழியை அடைத்தால், ஆயிலையும் இழுத்துக்கொண்டு கிடைத்த சந்தில் எல்லாம் புறப்படும். டர்போவிலிருந்து கீழே வடிய வேண்டிய ஆயிலும் வடிய முடியாமல் புகைக்குழாய்க்குள் கசியும். நீ பார்ப்பது அதுவாக இருக்கலாம்.

அதற்காகத்தான் இன்ஜின் தலையிலிருந்து ஒரு மூச்சுக்குழாய் விட்டிருந்தேன். அது போய்ச் சேரும் இடத்தில் ஆயிலைப் பிடிக்க ஒரு சின்ன டப்பா. அந்தக் குழாய் நான் வைத்தது வைத்தபடி இருக்கிறதா என்று பார். பிறகு இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு ரப்பர் கையுறையைக் கட்டு. லேசாக ஆடினால் சரி. உப்பினால் உள்ளே மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

பார்க்காமல் யாரும் இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. இதை நான் சொன்னதாக உன் அண்ணனிடம் சொல். வேண்டாம். சொல்லாதே.

அண்ணி


மார்ச் 12

அண்ணி,

முதல்ல நல்ல சேதி. காத்து அடைச்சுப் பாத்தேன். நாலு சிலிண்டரும் கல்லு மாதிரி நிக்குது. ரிங் மேல ஒரு குத்தமும் இல்ல.

ரெண்டாவது, கையுறை. பூசணிக்காய் மாதிரி உப்பிக் கட்டை அவுத்துக்கிட்டுப் பறந்துபோய் டயர்காரர் டீயில விழுந்துது. அவரு இன்னும் என்கூடப் பேசல.

மூணாவதை எப்படி எழுதறதுன்னு தெரியல. உங்க குழாயோட வாயில ஒரு போல்ட்டைச் சொருகி, கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கு. அண்ணன் வேலை. நான் போல்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கும்போது அவன் வந்துட்டான்.

“யாரு கழட்டச் சொன்னா?”

“யாரு அடைக்கச் சொன்னா?”

“நீதான்.”

“நானா?”

“டப்பாவுலேர்ந்து வர்ற புகை உள்ள அடிக்குது, தலை வெடிக்குது, வாந்தி வருதுன்னு போன மாசம் வண்டியை விட்டு எறங்கி உக்காந்தது யாரு? நானா? நீ கண்ணு மங்கி ஓட்டறதைவிட இன்ஜின் கெட்டுப் போறது மேல்னு அடைச்சேன்.”

நான் சொன்னது உண்மைதான் அண்ணி. சொல்லிட்டு மறந்தே போயிட்டேன். அவன் மறக்கல.

அதோட, உங்க கடுதாசி என் மேல்பாக்கெட்டுல எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தது. கையெழுத்தைப் பாத்துட்டான். “ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்களா? சரி. அவ சொல்றபடியே ஓட்டு”ன்னுட்டு வெளியே போனான். இன்ஜினைப் பிரிக்கிற பேச்சை மட்டும் விட்டுட்டான்.

போல்ட்டை எடுத்தப்புறம் மெதுவா ரெண்டு சுத்து போனேன். நேர் ரோட்டுல புகை சுத்தமா இல்ல. ஆனா அந்த இடது வளைவுல மட்டும் இன்னும் வருது, அண்ணி. டப்பாவைத் தொறந்தா பாதிக்கு மேல ஆயில். இன்னொண்ணு, ஆயில் குறையுதேன்னு அண்ணன் இவ்வளவு நாளா மேல் கோட்டைத் தாண்டியே ஊத்தி வெச்சிருக்கான். அது சரியா?

வெள்ளிக்கிழமை முழு வேகப் பயிற்சி. ஓட்டட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

வாலு


மார்ச் 15

வாலு,

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியதுதான் வினை. ஆயில் மட்டம் ஏறினால் கிராங்க் அதில் அடித்துச் சுழலும். மோரைக் கடைகிற மாதிரி நுரையாகும். நுரை வாயுவோடு சேர்ந்து குழாய் வழியே டப்பாவுக்குப் போகும். குறைகிறதே என்று இன்னும் ஊற்றினால் இன்னும் போகும். இப்படி ஊற்றி ஊற்றியே என் இன்ஜினைக் குடிகாரன் ஆக்கியிருக்கிறார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் வரும்வரை வடித்துவிடு. டப்பாவைக் காலி செய்.

இடது வளைவைப் பற்றி நீ சொல்வது எனக்குப் புரியவில்லை. இந்த இன்ஜினை இங்கே சோதனைப் பெஞ்சில் மாட்டி, முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினேன். டப்பாவில் விரல் நனையும் அளவுகூட ஆயில் சேரவில்லை. மட்டம் சரியானால் வளைவிலும் சரியாகிவிடும். அந்த வளைவில் நீ கியரை மாற்றாமல் இழுத்துப் பிடிக்கிறாயோ என்றும் எனக்குச் சந்தேகம்.

தலைவலி என்று அவரிடம் சொன்ன நீ என்னிடமும் சொல்லியிருக்கலாம். குழாயைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டிருப்பேன். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் அண்ணன்தான் முதலில்.

ஒரே வார்த்தை கேட்டாய். ஓட்டலாம்.

அண்ணி


மார்ச் 20

அண்ணி,

எழுத்து கோணலா இருக்கும்.

நீங்க சொன்னபடி ஆயிலை நடுக்கோட்டுக்கு இறக்கினேன். டப்பாவைக் காலி பண்ணினேன். கியரும் சரியாத்தான் போட்டேன்.

மூணாவது சுத்துல அந்த வளைவு. பாதி வளைவுல டப்பா நெறஞ்சு வழிஞ்சிருக்கு. டர்போ அதுக்கு நேர் கீழ, கணகணன்னு செவந்து கெடக்குது. எனக்கு முதல்ல வாசனைதான் வந்தது. அப்புறம் முன்கண்ணாடிக்கு வெளியே ஒரு மஞ்சள். வெயில்னு நெனச்சேன்.

மலைச்சுவர்ப் பக்கமா உரசி நிறுத்தினேன். கதவு தொறந்துது. பெல்ட்டுப் பூட்டு தொறக்கல. இழுக்கறேன், இழுக்கறேன், வரல. அண்ணன் எங்கேர்ந்து ஓடி வந்தான்னு தெரியல. கையுறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள ரெண்டு கையையும் விட்டு அந்தப் பூட்டைப் பிரிச்சான்.

எனக்குப் புருவம் மட்டும்தான் போச்சு. அவனுக்கு ரெண்டு உள்ளங்கையும் விரலும். டாக்டர் கட்டுப் போட்டு விட்டிருக்கார். அவன் யாரையும் திட்டல. உங்களையும் திட்டல. அதான் எனக்குப் பயமா இருக்கு.

அவன் அடைச்சு வெச்ச வரைக்கும் புகைதான் வந்துது. நீங்க தொறக்கச் சொன்னீங்க, நெருப்பு வந்துது. ‘ஓட்டலாம்’ங்கற உங்க கடுதாசி என் பாக்கெட்டுலதான் இருந்தது. ஓரமெல்லாம் கருகிப்போச்சு.

பதில் எழுத வேண்டாம்.


மார்ச் 24

வாலு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காவிட்டாலும் பரவாயில்லை, வேன்காரர் கொண்டுவரும் பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு உட்கார முடியவில்லை. இங்கே மாற்று இன்ஜின் ஒன்று இருக்கிறதல்லவா, அதே அச்சு. அதை ஸ்டாண்டில் மாட்டி, வளைவில் ஆயில் எந்தப் பக்கம் ஒதுங்குமோ அந்தப் பக்கமாகச் சாய்த்தேன். இன்ஜின் தலையின் மேல்மூடியில் ஒரு துண்டை அறுத்துக் கண்ணாடித் தகடு ஒட்டி, உள்ளே ஆயிலை ஓடவிட்டுப் பார்த்தேன்.

நீ இடப்பக்கம் திரும்பினால் ஆயில் வலப்பக்கம் ஓடும். சின்னக் குழந்தைக்குத் தெரியும். தலையின் வலது மூலையில் அது குளமாகத் தேங்குகிறது. கீழே வடிய வைத்த துளைகளுக்கு அதே நேரத்தில் கீழிருந்து வாயு ஏறி வருகிறது, வடிய விடாமல் தள்ளுகிறது. நான் மூச்சுக்குழாயை வைத்தது சரியாக அந்த வலது மூலையில். குளத்துக்கு நடுவே வாயை வைத்துவிட்டு, மூச்சு விடு என்று சொல்லியிருக்கிறேன். குட்டையான வளைவு என்றால் குளம் சேர்வதற்குள் நேராகிவிடும். அந்த வளைவு நீளம். டப்பாவுக்குப் போனது வாயு இல்லை, ஆயில்தான், குடம் குடமாக.

என் பெஞ்ச் திரும்புவதில்லை, வாலு. நேராக நிற்கும். அதில் பார்த்ததை வைத்துக்கொண்டு மலையில் ஓட்டுகிறவளிடம், நீ கியரைத் தப்பாகப் போடுகிறாய் என்று எழுதினேன்.

பெட்டியில் இருப்பவை: இன்ஜின் தலைக்குப் புது மேல்மூடி ஒன்று, அதில் மூச்சுவாய் இடப்பக்கம், ஆயில் தெறிக்காமல் உள்ளே தடுப்புத் தகடு. இன்ஜின் வயிற்றிலிருந்து நேராக வாயுவை எடுக்க இன்னொரு தடித்த குழாய், அதனால் வடிதுளைகள் வடிவதற்கு மட்டும் என்று ஆகும். பெரிய டப்பா, உள்ளே அடுக்கு அடுக்காகத் தகடு. இதை டர்போ பக்கமே வைக்கக் கூடாது, எதிர்ப்பக்கம் உயரத்தில் மாட்டு. டப்பாவின் வெளிக்குழாய் வண்டியின் பின்னால் வரைக்கும் போகும், உனக்குத் தலைவலி வராது.

மாட்டுவதும் மாட்டாததும் உங்கள் விருப்பம். பந்தயத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் கை எப்படி இருக்கிறது? விரலை மடக்க முடிகிறதா?

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

பெட்டி வந்துது. படிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

அண்ணன் ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான். டப்பாவை மேஜை மேல வெச்சேன். கட்டுப் போட்ட கையால உருட்டி உருட்டிப் பாத்தான். ஒட்டு வெச்ச கோட்டை மோந்து பாக்காத குறைதான். “வெல்டிங்கு யாரோடதுன்னு சொல்லவே வேண்டாம்”னான். அப்புறம் கடுதாசியைக் காட்டி, “என்ன எழுதியிருக்கா?”

“நீயே படி.”

“பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை இருக்கா? படி.”

படிச்சேன். ‘என் பெஞ்ச் திரும்புவதில்லை’ங்கற எடத்துல நிறுத்தச் சொன்னான். “இன்னொரு தடவை படி”ன்னான். படிச்சேன். எழுந்து சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு, “குழாயை அடைக்கறதுக்கு முன்னாடி நானும் அவளைக் கேட்டிருக்கலாம்”னான். அவ்வளவுதான்.

கருகின வயரையெல்லாம் மாத்தியாச்சு. உங்க சாமானை நான்தான் மாட்டினேன். அவன் பின்னாடி நின்னு “அந்த போல்ட்டை இறுக்காதே, இதை இறுக்கு, ஐயோ அது இல்ல”ன்னு உயிரை வாங்கினான். விரல் மடங்கல, அண்ணி. தோல் எடுத்து வெச்சுத் தைக்கணும், கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு டாக்டர் சொல்றார். போக மாட்டேங்கறான். நான் ஓட்டறதைப் பாக்காம போக மாட்டானாம். அதே வாயால, நீ ஓட்டக் கூடாதுங்கறான். ரெண்டையும் ஒண்ணா சொல்றான்.

உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு ஓட்டணும். ஆனா முடியல. நேத்து மெதுவாத்தான் போனேன். அந்த வளைவு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கால் தானா எழும்புது. நான் எடுக்கல, அது எழும்புது. தொண்டையில பழைய வாசனை வருது.

என்ன செய்யட்டும்? தயவுசெஞ்சு ‘ஓட்டலாம்’னு மட்டும் எழுதிடாதீங்க.

வாலு


ஏப்ரல் 1

வாலு,

அந்த வார்த்தையை இனி நான் எழுத மாட்டேன். ‘ஓட்டாதே’ என்றும் எழுத மாட்டேன். இங்கே உட்கார்ந்துகொண்டு இரண்டையும் சொல்ல எனக்கு வாய் இல்லை.

வண்டியில் பக்கத்து சீட்டைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதைத் திரும்ப மாட்டு. பெல்ட்டுப் பூட்டைப் பத்துப் பேர் இழுத்துப் பார்க்கட்டும். வேன்காரர் வியாழக்கிழமை மேலே வரும்போது நானும் வருகிறேன். கிராங்க் அறையின் அழுத்தம் காட்டும் மீட்டரைக் கொண்டுவருகிறேன். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த வளைவில் ஓட்டு. உனக்கு என்ன வேகம் தோன்றுகிறதோ அந்த வேகம். நடந்து போகிற வேகமானாலும் சரி.

நான் கட்டியது எரிந்தால் நானும் உள்ளே இருக்க வேண்டும். அதுதான் நியாயம்.

இதை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டாதே. நிச்சயம் தடுப்பார்.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

பந்தயம் முடிஞ்சுது. சொல்றேன், சொல்றேன்.

முதல்ல ஒரு கேள்வி. நீங்க ரெண்டு பேரும் கீழ போனதுலேர்ந்து இது என்னை அரிச்சுக்கிட்டு இருக்கு. அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்தீங்க. மடியில மீட்டர். வளைவு வந்தது. நீங்க பக்கத்துல இருந்ததால கால் எழும்பல, முழுசா மிதிச்சேன், வெளியே வந்தேன். “முள்ளு அசையலை”ன்னு சொன்னீங்க. ஆனா வளைவு பூராவும் நீங்க கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இருந்தீங்க. ஓரக்கண்ணால பாத்துட்டேன். மூடின கண்ணுக்கு முள்ளு எப்படித் தெரிஞ்சுது?

நாம திரும்பி வந்து நின்னப்போ அண்ணன் அந்தக் கட்டுப் போட்ட கையால கார்க் கதவைத் தொறக்கப் பாத்து, முடியாம, முழங்கையால கண்ணாடியைத் தட்டினானே, அந்த முகத்தை நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்ல. உங்களைத் திட்டின திட்டு மலை முழுக்கக் கேட்டிருக்கும். நீங்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அவன் மூச்சு வாங்க நிறுத்தினதும் “பையைக் கட்டியாச்சா? ஆஸ்பத்திரிக்குப் போகலாம்”னீங்க. அவனும் போய் வேன்ல ஏறிட்டான். நானாயிருந்தா ஏத்தியே இருக்க முடியாது.

சரி, பந்தயம். மழை லேசாத் தூறிச்சு. தொடக்கத்துல அஞ்சாவது, பாதியில மூணாவது. கடைசிச் சுத்துக்கு முன்னாடி ரெண்டாவது ஆயிட்டேன். முன்னாடி ஒரே ஒரு வெள்ளை வண்டி. இடது வளைவுல முழுசா மிதிச்சா புடிச்சிருப்பேன். பொய் சொல்லல அண்ணி, கண்ணாடியில துளிப் புகை இல்ல. இன்ஜின் தயாரா இருந்தது. என் கால்தான் தயாரா இல்ல. ஒவ்வொரு சுத்துலயும் அந்த எடத்துல கொஞ்சம் எடுத்தேன். கடைசிச் சுத்துலயும் எடுத்தேன். அதனால ரெண்டாவது இடம். வருஷக் கணக்குல மூணாவது.

முடிஞ்சதும் டிப்ஸ்டிக்கைத் தொடச்சுப் பாத்தேன். காலையில இருந்த எடத்துலதான் இருந்தது. டப்பாவுல ஒரு சின்னக் கரண்டி ஆயில், அவ்வளவுதான். கூடாரத்துல எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு அழுகை வந்துது. தோத்ததுக்கா, பயந்ததுக்கா, தெரியல. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நீங்களே பாத்துக்குங்க.

வாலு


ஏப்ரல் 17

வாலு,

முள்ளைப் பார்க்கவில்லை. வளைவு முடிந்த பிறகு கண்ணைத் திறந்தேன், அப்போது அது பூஜ்யத்தில் இருந்தது. அசையவில்லை என்று சொன்னால் நீ அடுத்த சுற்றுப் போவாய் என்று தெரியும். அந்த அடுத்த சுற்றில் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். உண்மையிலேயே அசையவில்லை. இரண்டாவது தடவை சொன்னதை நம்பு.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் அவருக்குப் படித்துக் காட்டினேன். ‘கால்தான் தயாரா இல்ல’ என்ற இடத்தில் கட்டுப் போட்ட கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பிறகு, “அவளுக்கு எழுது. அந்த எடத்துல காலை எடுக்காம இருந்திருந்தா, நான் இங்க படுத்துக்கிட்டே செத்திருப்பேன்னு எழுது” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

தோல் வைத்துத் தைத்தாகிவிட்டது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் மடங்கும் என்கிறார்கள். மற்றவற்றைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார் டாக்டர். ஸ்பேனர் பிடிக்க இன்னும் பல மாதம் ஆகும். பிடிக்கவே முடியாமலும் போகலாம். அவருக்குத் தெரியும். கேட்கவில்லை.

நீ எப்போது வருகிறாய் என்று கேட்கிறார். காரை லாரியில் ஏற்றும் முன் டப்பாவைக் காலி செய்துவிடு.

எங்கள் சண்டை தீர்ந்துவிட்டதா என்று நீ கேட்பாய். தீரவில்லை. அன்று அத்தனை பேர் முன்னால் சொன்னதை அவரும் இன்னும் திரும்பப் பெறவில்லை, நானும் மறக்கவில்லை. மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். ஊட்டும்போது இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் கரண்டி பக்கத்தில் போனதும் வாயைத் திறக்கிறார்.

அண்ணி